கல்லுக்குழித் தோமான்

காலை ஆறரை மணிக்கு நான் கல்லுக்குழிக்குப் போய்ச் சேர்ந்தேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. மலாய் நாட்டின் சுதந்திரத்துக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. வழிநெடுக அலங்கார வளைவு கட்டுவதற்கு மூங்கில் இறக்கிப் போட்டிருந்தார்கள். காஜா பெராங்கில் என் வாடகை வீட்டிலிருந்து பத்து பெரெண்டாம் விமான நிலையத்துப் பக்கம் மூன்று மைல் சைக்கிள் மிதித்து, ரப்பர் மரங்களுக்குள் பிரிகிற மண்பாதையில் தள்ளிக்கொண்டு போனால் அந்தக் குழி வரும். எந்தக் காலத்திலோ செம்பாறைக் கல் வெட்டி எடுத்துவிட்டு அப்படியே விட்டுப்போன பள்ளம். மழைத் தண்ணீர் நிறைந்து குளமாகிவிட்டது. மூன்று பக்கம் செங்குத்து, ஒரு மூலையில் மட்டும் கால் வைத்து இறங்கலாம். ஆழம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. நில அளவை ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தும் நானும் அளந்து பார்த்ததில்லை.

குழியில் ஒரு பெரிய தோமான் இருப்பது எனக்குத் தெரியும். விரால் ஜாதிதான், ஆனால் விராலைப் பிடித்துத் தின்கிற அளவுக்குப் பெரியது. அதற்குச் செவுள் மட்டும் போதாது. சில நிமிடத்துக்கு ஒரு தடவை மேலே வந்து வாயைத் திறந்து காற்றை விழுங்கிவிட்டுப் போகும். அப்போது ஒரு சத்தம் கேட்கும்.

பளக்.

அவ்வளவுதான். அதைக் கேட்பதற்காகவே நான் மூன்று மாதமாக ஞாயிறு தவறாமல் வந்துகொண்டிருந்தேன்.

என் தூண்டில் வேறு மாதிரி. எங்கள் ஆபீஸில் மெல்லர் என்று ஒரு துரை இருந்தார். அவருடையது மெல்லிய மூங்கில் பிரம்பு, புழுவுக்குப் பதிலாகக் கொக்கியில் கோழியிறகு கட்டிய பொய்ப்பூச்சி, சாட்டையைப் போல் நூலை வீசும் வித்தை. பிடித்த மீனை முத்தம் கொடுக்காத குறையாகத் தண்ணீரிலேயே திரும்ப விட்டுவிடுவார். அவர் ஊருக்குக் கப்பலேறியபோது ஆபீஸில் மற்றவர்கள் அவர் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பிரம்பைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

என் மனைவி கமலவேணிக்கு அப்போது எட்டு மாதம். அதற்கு முன் இரண்டு தடவை வயிற்றில் தங்காமல் போயிருந்தது. முதல் தடவை கொல்லையில் வந்த பாம்பை நான் அடித்திருந்தேன். இரண்டாம் தடவை தீபாவளிக்குக் கோழி அறுத்தேன். பிள்ளைத்தாய்ச்சியின் புருஷன் உயிர்க்கொலை செய்யக்கூடாது, முகம் வழிக்கக்கூடாது என்பது எங்கள் ஆட்களிடம் உள்ள பழக்கம். இரண்டு தடவையும் அதைக் கிண்டல் செய்தவன் நான். மூன்றாம் தடவை கிண்டல் செய்யத் தைரியம் வரவில்லை. பிள்ளை பிறக்கும்வரை ஓர் உயிரையும் எடுக்கமாட்டேன் என்று சாமி விளக்கின் முன்னால் அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். தாடி வளர்ந்தது. ஆபீஸில் என்னைச் சாமியார் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கொசுவைக்கூட ஊதித்தான் அனுப்பினேன்.

தூண்டிலை மட்டும் விட முடியவில்லை. பிடித்து விட்டுவிட்டால் அது கொலை இல்லையே என்று துரையின் பழக்கத்தை எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டேன். கமலவேணியிடமும் அப்படித்தான் சொன்னேன். அவள் முகம் தெளியவில்லை. ஆனாலும் தடுக்கவில்லை.

அன்று காலை தண்ணீரின்மேல் சிவப்பாக ஏதோ படர்ந்திருந்தது. முறம் அளவு இருக்கும். குங்குமம் கொட்டியது போல இருந்த அது மெல்ல நகர்ந்தது. உற்றுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அத்தனையும் தோமான் குஞ்சுகள். நூற்றுக்கணக்கில், விரல்நகத்தைவிடக் கொஞ்சம் நீளம். மூச்செடுக்க ஒன்றாக மேலே வந்தன. அந்த இடத்தில் மட்டும் தூறல் விழுவது போலத் தண்ணீர் புள்ளி புள்ளியாக அசைந்தது.

குஞ்சுகள் இருந்தால் கீழே தாய் இருக்கும். அது நகராது. குஞ்சுகள் பெரிதாகும்வரை அந்தச் சிவப்புக்குக் கீழேயே காவல் கிடக்கும். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் இறகை அந்தச் சிவப்பின் நடுவில் வீசினேன்.

அது பசியால் கடிக்கவில்லை. கோபத்தால் கடித்தது.

பிரம்பு வில்லாக வளைந்தது. அரை மணி நேரம் நான் அதை இழுத்தேனா, அது என்னை இழுத்ததா என்று சொல்ல முடியாது. கடைசியில் சரிவான மூலைக்கு வந்து பக்கவாட்டில் சாய்ந்தது. என் கால் விரலிலிருந்து இடுப்புவரை இருக்கும். கறுப்பும் நீலமுமாக முதுகு, வெள்ளை வயிறு, தலையில் பழைய வெட்டுத் தழும்பு. வாயைத் திறந்து என்னைப் பார்த்தபடி மூச்சு வாங்கியது. கொக்கியைக் கழற்றித் தொப்பியில் குத்திக்கொண்டேன்.

அப்போதே விட்டிருக்கலாம். கையை எடுத்தால் போதும்.

ஆனால் யார் நம்புவார்கள்? ஆபீஸில் சொன்னால் சாமியாருக்கு ஞானதிருஷ்டி என்று சிரிப்பார்கள். ஒரு படம் வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்துவிட்டது. சைக்கிள் கேரியரில் இருந்த கயிற்றை எடுத்து, செவுள் வழியாகவும் வாய் வழியாகவும் கோத்து, ஆழமில்லாத தண்ணீரில் ஒரு வேரோடு கட்டிப்போட்டேன். தண்ணீரில்தானே கிடக்கிறது, சாகாது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் போட்டோக் கடை வைத்திருக்கும் என் கூட்டாளி ஹாஜாவைக் கூட்டிவரக் கிளம்பினேன். மண்பாதை ஏறும்போது பின்னால் தண்ணீர் அடிபடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஹாஜா பசியாறிவிட்டுத்தான் வருவேன் என்றான். திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது.

தோமான் அப்படியே கிடந்தது. கயிறு அறுத்த இடத்தில் செவுள் கிழிந்திருந்தது. அதன் கண் என் பக்கம் இல்லை, குழியின் நடுப்பக்கம் இருந்தது. ஹாஜா அதைப் பார்த்ததும் கேமராவை எடுக்க மறந்து நின்றான். பிறகு தண்ணீரைப் பார்த்தான். எங்கும் சின்னச் சின்ன மீன்கள் துள்ளி விழுந்துகொண்டிருந்தன. நான் வழியில் வர்ணித்துக்கொண்டு வந்த சிவப்பை அவன் தேடினான்.

"குஞ்சு எங்கப்பா, கருணா?"

நானும் தேடினேன். கரையோரம் ஒரே ஒரு சிவப்புக் குஞ்சு சுற்றிச் சுற்றி வந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கெளுத்தி வந்து அதையும் விழுங்கிவிட்டுப் போனது. கட்டுண்டு கிடந்த தாய்க்கு ஒரு முழத் தூரத்தில்.

ஹாஜா அவசரமாகப் படம் எடுத்தான். முழங்காலளவு தண்ணீரில் நின்று, இரண்டு கையிலும் அதை ஏந்திச் சிரித்தேன். சிரிப்பு வரவில்லை, இருந்தாலும் சிரித்தேன். பிறகு இறக்கி விட்டேன்.

அது ஆழத்துக்கு ஓடவில்லை. காலையில் சிவப்பு இருந்த இடத்துக்கு நேராகப் போய் ஒரு சுற்றுச் சுற்றியது. இன்னொரு சுற்று. மேலே வந்து காற்றை விழுங்கியது. திரும்பி எங்கள் பக்கம் வந்தது. நாங்கள் கரையில் நடந்தபோது அதுவும் தண்ணீரில் எங்களுக்கு இணையாக வந்தது. கரை முடிந்த இடத்தில் நின்றது.

வீட்டில் கமலவேணி கேட்டாள். தனியாகத்தான் இருந்தேன், பெரிய மீன் ஒன்று மாட்டியது, அந்த நிமிடமே விட்டுவிட்டேன் என்று சொன்னேன்.

"உடனே விட்டுட்டீங்கதானே?"

"உடனே."

நல்லவேளை என்று அவள் வயிற்றைத் தடவிக்கொண்டாள்.

நான்கு நாள் கழித்துச் சாயங்காலம், விளக்கு வைக்கும் நேரம். கூடத்தில் உட்கார்ந்து கால் கழுவத் தண்ணீர் கேட்டேன். எங்கள் வீட்டில் குளியலறை பின்னால் தனியாக இருந்தது. உள்ளே நெஞ்சு உயரத்துக்குச் சிமெண்டுத் தொட்டி. கமலவேணியின் அக்கா பாக்கியலட்சுமி, பிரசவத்துக்குத் துணையாக வந்திருந்தவர், சொம்பை எடுத்துக்கொண்டு போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். சொம்பு காலியாக இருந்தது.

"தம்பி, தொட்டியில என்னமோ இருக்கு."

நான் போய்ப் பார்த்தேன். தண்ணீர் அசையாமல் இருந்தது. விளக்கைக் காட்டினேன். ஒன்றுமில்லை. ஆனால் சேறும் மீன்கவிச்சியும் கலந்த வாடை அந்தச் சின்ன அறை முழுக்க இருந்தது. வாசலில் ஓடும் லோங்காங் சாக்கடையிலிருந்து, வீட்டு ஓரமாகவே, குளியலறைப் படிவரை சிமெண்டுத் தரையில் ஓர் ஈரத் தடம் வந்திருந்தது. கால்தடம் இல்லை. எதையோ இழுத்துக்கொண்டு வந்த மாதிரி ஒரே பட்டையாக இருந்தது.

மழைத் தண்ணீர் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுக் கூடத்துக்கு வந்தேன்.

பின்னாலேயே கேட்டது.

பளக்.

கமலவேணி பாயில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றது. என் கையைப் பிடித்து இழுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்தாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

"இந்தச் சத்தம் வந்தா புள்ள திரும்புதுங்க. ரெண்டு மூணு நாளா பாக்கறேன்."

மறுபடியும் சத்தம் வந்தது. என் உள்ளங்கைக்குக் கீழே என் பிள்ளை புரண்டது. குளியலறை இருந்த பக்கமாகப் புரண்டது.

மறுநாள் தொட்டியை இறைத்துக் காலி செய்தேன். சுவர் முழுக்க வழுவழுவென்று கோழை ஒட்டியிருந்தது. அடியில், ஓட்டையை அடைத்திருந்த துணிக்குப் பக்கத்தில், என் இறகுக் கொக்கி கிடந்தது. அன்று அதைத் தொப்பியில் குத்தியிருந்தேன். தொப்பி முன்னறை ஆணியில்தான் தொங்கியது. குளியலறைக்கு அதைப் போட்டுக்கொண்டு போனதே இல்லை.

அன்று மதியமே ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டுக் கல்லுக்குழிக்குப் போனேன். பிரம்பை இரண்டாக முறித்துத் தண்ணீரில் எறிந்தேன். தப்புதான், என் பிள்ளையை விட்டுவிடு என்று வாய்விட்டுச் சொன்னேன். பிறகு கரையில் உட்கார்ந்து அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தோமான் அவ்வளவு நேரம் மூச்செடுக்காமல் இருக்க முடியாது.

ஒரு சத்தமும் வரவில்லை.

குழியில் அது இல்லை.

திரும்பும் வழியில் ஹாஜா கடையில் இறங்கினேன். அவன் படத்தை ஏற்கெனவே கழுவி வைத்திருந்தான். என்னைக் கடைக்குப் பின்னால் கூட்டிப்போய் மெதுவாகக் கேட்டான். அன்றைக்குப் படம் எடுக்கும்போது தண்ணீரில் ஒரு குஞ்சும் இல்லைதானே, நீயும் பார்த்தாய்தானே என்றான். பார்த்தேன் என்றேன். படத்தைக் கொடுத்தான்.

தாடியோடு நான் சிரித்துக்கொண்டு நின்றேன். கையில் தோமான் தெளிவாக விழுந்திருந்தது. எனக்குப் பின்னால், முழங்காலை ஒட்டி, முறம் அளவுக்குத் தண்ணீர் புள்ளி புள்ளியாக இருந்தது. அந்த இடத்தில் மட்டும் தூறல் விழுந்த மாதிரி.

"நெகட்டிவ எரிச்சிட்டேன்," என்றான் ஹாஜா. "இதையும் எரிச்சிடு மாப்ள."

எரிக்கக் கை வரவில்லை. பயம் இருந்தது உண்மை. ஆனாலும் என் ஆயுசில் நான் பிடித்த பெரிய மீன் அது. பழைய டிரங்குப் பெட்டியில் துணிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

சுதந்திரக் கொடியேற்றி ஊரெல்லாம் மெர்டேக்கா என்று முழங்கிய இரண்டாம் நாள் எனக்கு மகள் பிறந்தாள். கையும் காலும் முழுசாக, நல்ல எடையோடு பிறந்தாள். கோகிலா என்று பெயர் வைத்தோம். நான் தாடியை எடுத்தேன். தொட்டிச் சத்தமும் நின்றுவிட்டது. மன்னித்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டேன்.

பிள்ளைக்கு இருபத்திரண்டாம் நாள். மழை பெய்துகொண்டிருந்தது. நாலு மணிக்கு ஆபீஸ் முடிந்து நனைந்துகொண்டே வந்து சேர்ந்தபோது நாலரை. பாக்கியலட்சுமி அக்கா கடைக்குப் போய் மழையில் மாட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் பேச்சு மூச்சு இல்லை. பின்பக்கம் போனேன். குளியலறைக் கதவை உள்ளேயிருந்து கையால் அடித்துக்கொண்டிருந்தாள் கமலவேணி. தொண்டை கட்டிப்போயிருந்தது.

நான் தள்ளியதும் கதவு திறந்தது. வெளியே தாழ்ப்பாளே கிடையாது.

தொட்டிக்குள் சத்தம் கேட்டுப் பார்க்கப் போனாளாம். கதவு மூடிக்கொண்டதாம். மூன்று மணி விமானம் பத்து பெரெண்டாமில் இறங்கும் சத்தம் கேட்டபோது உள்ளே போனவள். நான் கணக்குப் பார்த்தேன்.

ஒன்றரை மணி நேரம்.

தொட்டிலுக்கு ஓடினேன். உத்தரத்தில் ஸ்பிரிங் மாட்டி, அதில் சாரோங் கைலித் துணியைத் தொங்கவிட்ட தொட்டில். பிள்ளை படுத்தால் என் இடுப்பு உயரத்தில் நிற்கும். இப்போது தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஸ்பிரிங் நெட்டுக்கு இழுபட்டிருந்தது. பெரியவர் ஒருவர் உள்ளே ஏறிப் படுத்த மாதிரி பாரத்தில் மெதுவாக ஆடியது. சாரோங்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

நான் ஓரடி வைத்தேன்.

ஸ்பிரிங் கிரீச்சிட்டது. தொட்டில் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி வழக்கமான உயரத்தில் நின்றது.

உள்ளே கோகிலா தூங்கிக்கொண்டிருந்தாள். உடம்பெல்லாம் வழுவழுவென்று கோழை. உதட்டோரம் ஈரம். ஒன்றரை மணி நேரம் தாய் இல்லாத பச்சைப்பிள்ளை அழுத அடையாளமே இல்லை. கமலவேணி வாரி எடுத்து மார்போடு அணைத்துப் பால் கொடுக்கப் பார்த்தாள். பிள்ளை வாயை மூடிக்கொண்டது. வயிறு நிறைந்த பிள்ளை மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அந்த மாதமே வீட்டைக் காலி செய்துகொண்டு தெங்கேராவுக்குப் போனோம். தொட்டி இல்லாத வீடாகப் பார்த்தேன். குழாயும் வாளியும் மட்டும்தான். மூன்று வருஷம் ஓடிவிட்டது. கோகிலா நன்றாக வளர்ந்தாள். நடந்தாள், ஓடினாள். ஒரு குறைதான். மூன்று வயதாகியும் வாயைத் திறந்து ஒரு சொல் பேசவில்லை. கமலவேணி எத்தனை தடவை கூப்பிட்டாலும் சட்டென்று திரும்பிப் பார்க்கமாட்டாள். காது கேட்கிறதா என்று டாக்டரிடம் காட்டினோம். நன்றாகக் கேட்கிறது என்றார். மழை நாளில் மட்டும் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டு லோங்காங்கைப் பார்த்துக்கொண்டிருப்பாள். யார் தூக்கினாலும் உடம்பு வழுக்கும்.

போன சனிக்கிழமை மதியம் மழை பிடித்துக்கொண்டது. நான் ஆபீஸிலிருந்து வந்தபோது கமலவேணி நடுவீட்டில் உட்கார்ந்திருந்தாள். டிரங்குப் பெட்டி திறந்து கிடந்தது. பூட்டு துருப்பிடித்துக் கையோடு வந்துவிட்டதாம். அவள் மடியில் அந்தப் படம்.

அவள் சத்தம் போடவில்லை. படத்தைத் திருப்பிப் பின்னால் இருந்த ஹாஜாவின் கடை முத்திரையைக் காட்டினாள்.

"தனியாத்தானே போனேன்னீங்க. ஹாஜா அண்ணன் வர்ற வரைக்கும் இது எங்க இருந்துச்சு?"

கயிறு என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லாததெல்லாம் அவளுக்குப் புரிந்துகொண்டே வந்தது. எனக்கு அவளைப் பார்க்கப் பயமாக இருந்தது.

கோகிலா வாசலிலிருந்து எழுந்து வந்தாள். அம்மாவின் மடிமேல் சாய்ந்து படத்தைப் பார்த்தாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை. ஈர விரலை நீட்டி, என் கையில் கிடந்த தோமானின்மேல் வைத்தாள்.

"அம்மா," என்றாள்.

அதுதான் அவள் பேசிய முதல் சொல். மூன்று வருஷமாக அந்தச் சொல்லுக்காகக் கோயில் கோயிலாக ஏறி இறங்கியவள் கமலவேணி. தன்னை அறியாமல், "என்னம்மா," என்று குனிந்தாள்.

பிள்ளை அவள் பக்கம் திரும்பவில்லை.

வெளியே மழைத் தண்ணீர் நிறைந்து ஓடிய லோங்காங்கில், வாசற்படிக்கு வெகு பக்கத்தில் கேட்டது.

பளக்.

கோகிலா மடியிலிருந்து இறங்கி நடந்தாள்.